மரக் கிட்டிலிருந்து மாடல் ரயில் வேகன் கட்டுவது எப்படி?

மாடல் ரயில் வேகன் ஒன்றை மரக் கிட்டிலிருந்து, அதாவது வெட்டித் தரப்படும் மரத் துண்டுகளின் தொகுப்பிலிருந்து, கட்டத் தொடங்குகிறவர் பெரும்பாலும் பெட்டியின் பக்கப் பலகைகளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். லேசரால் கீறிய பலகைக் கோடுகளும் கதவும் தாழ்ப்பாளும் அத்தனை அழகாக இருப்பதால் அந்த ஆசையில் வியப்பில்லை. ஆனால் முடிந்த வேகன் நான்கு சக்கரத்திலும் ஊன்றி நிற்குமா, வளைவில் தடம் புரளுமா என்பதைத் தரைப்பலகையும் அதன் அடியிலுள்ள சட்டமும் அச்சுகளுமே தீர்மானிக்கின்றன. அவற்றில் அரை மில்லிமீட்டர் தவறினால், மேலே எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும் அந்த வேகன் அலமாரிக்குத்தான் போகும். எனவே இங்கே கீழிருந்து மேலாகக் கட்டும் முறையை விளக்குகிறேன்.

அளவும் பாதையும்

பரவலாகக் கிடைக்கும் மாடல் அளவு எச்ஓ என்பதாகும். அதில் எல்லாப் பொருளும் 87இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர். இது பல நாடுகளில் வழங்கும் 1435 மி.மீ. பாதையின் சுருக்கம். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. என்பதால், அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. அந்த அகலத்தில் ஆயத்தத் தண்டவாளம் எளிதில் கிடைக்காததால், இந்திய வேகன்களைச் செய்கிற பலரும் 16.5 மி.மீ. பாதையையே ஏற்றுக்கொள்கிறார்கள், பெட்டி சற்று அகலமாகவும் சக்கரங்கள் உள்ளொடுங்கியும் தெரிவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்த பழைய ரயில் 762 மி.மீ. குறும்பாதையில் ஓடியது, பின்னர் ஓசூர் வரை நீண்ட அந்தப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டுவிட்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இருந்த பாதையும் அதே அகலம்தான். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 மி.மீ.; எச்ஓவைவிடச் சிறிய மாடல் அளவொன்றுக்காக எங்கும் விற்கிற 9 மி.மீ. தண்டவாளம் இதற்குக் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடுகிறது. மொரப்பூர் வழியாக இன்று கண்ணெதிரே ஓடும் கூட்ஸ் வண்டியைக் காட்டிலும், நம் தாத்தாக்கள் ஏறிய அந்த வண்டியைத்தான் அளவு பிசகாமல் செய்ய முடியும்.

இருந்தாலும் முதல் வேகனை 16.5 மி.மீ. பாதைக்கே செய்யுங்கள். கூரையுள்ள, நான்கு சக்கரச் சரக்குப் பெட்டியாகத் தேர்ந்தெடுங்கள். எட்டுச் சக்கர நீள வேகனில் போகி (நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) தானாகவே தண்டவாளத்தோடு ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் அதன் நீண்ட தரைப்பலகை வளையாமல் காப்பது புதியவருக்குக் கடினம்.

வேலை மேடையும் கருவிகளும்

வேகன் நேராக வர வேண்டுமானால், அதைக் கட்டும் இடம் முதலில் நேராக இருக்க வேண்டும். மேசைப் பலகை கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பின்னால் டார்ச் அடித்தால் அடியில் வெளிச்சம் கசிவதைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்குச் செலவில்லாத தீர்வு இருக்கிறது. சமையல் மேடைக்குக் கல் பதிக்கும் இடங்களில் மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டின் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும்; ஓர் அடிக்கு முக்கால் அடி அளவில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓரங்கள் கையைக் கிழிக்காதபடி தேய்த்துவிட்டு, அதே வெளிச்சச் சோதனையை அதிலும் செய்து பாருங்கள். இன்னும் இரண்டு சிறு துண்டுகள் கிடைத்தால், பசை காயும்வரை மேலே வைக்கும் பாரமாக அவை பயன்படும். கல்லில் ஒட்டிய ஃபெவிகாலைப் பிளேடால் சுரண்டினால் தடயமின்றி வந்துவிடும்.

கருவிகளில் தவிர்க்க முடியாதவை மூன்று: 11ஆம் எண் பிளேடு பொருத்திய கூர்முனைக் கத்தி, உள்ளங்கையில் அடங்கும் உலோக மூலைமட்டம், டிஜிட்டல் காலிப்பர். மற்றபடி 240, 400, 600 எண் உப்புத்தாள்கள், ட்வீசர், துணி மாட்டும் கிளிப்புகள், பல்குத்தும் குச்சிகள், மெல்லிய துளையிடக் கையால் திருகும் சிறு துரப்பணம், ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு ஆகியவை போதும்.

பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மரத்தோடு மரத்தை ஒட்ட ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் சரி. அது மெதுவாக இறுகுவதால், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கிறது. ஃபெவிக்விக் நொடியில் பிடித்துவிடும். கோணல் இருந்தால் கோணலாகவே பிடித்துவிடும், மரத்துக்குள் ஊறிக் கறையும் ஏற்படுத்தும். உலோகத்தை மரத்தோடு சேர்க்குமிடத்தில் ஆரல்டைட் போன்ற இரு குழாய்ப் பசையைப் பயன்படுத்துங்கள்.

மரத்தை முதலில் பழக்குங்கள்

கிட் வந்தவுடன் துண்டுகளைப் பிரித்தெடுக்க வேண்டாம். ஒவ்வொரு தகட்டையும் கைப்பேசியில் படமெடுத்து, வழிமுறைத் தாளோடு ஒப்பிட்டு, துண்டுகளின் பின்புறத்தில் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பிறகு தகடுகளை, வேகன் கட்டும் வேலை நடக்கும் அறையிலேயே, கல்லின் பாரத்துக்கு அடியில், இடையிடையே காகிதம் வைத்து மூன்று நான்கு நாள் விட்டுவைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தகடு காற்றின் ஈரத்தை விரைவாக ஏற்கும், விரைவாக விடும். ஓசூரின் குளிர்ந்த காற்றுக்கும் தருமபுரியின் சித்திரை வெயிலுக்கும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

என்னுடைய முதல் வேகன் இதைக் கற்றுத் தந்தது. ஐப்பசி மழையில், பொறுமையில்லாமல், பெட்டியை ஒரே நாளில் ஒட்டி, வெளிப்புறத்துக்கு மட்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட் அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பக்கப் பலகைகள் முறம் போலக் குழிந்திருந்தன. அவை இழுத்த இழுப்பில் தரைப்பலகையும் முறுக்கிக்கொண்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. அந்த மூலையில் பாரத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தேன். கிளைப்பாதை பிரிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அது தவறாமல் தடம் புரண்டது. கடைசியில் வெந்நீரில் ஊறவைத்துப் பசையை இளக்கிப் பிரித்ததுதான் மிச்சம்.

காரணம் எளியது. ஒரு முகத்தில் மட்டும் ஈரம் பட்டால் அந்த முகம் விரிகிறது, பிறகு காயும்போது மேலே படிந்த பூச்சும் சேர்ந்து சுருங்குகிறது. மறுமுகம் அசையாமல் இருப்பதால் தகடு வளைகிறது. ஆகவே தகட்டைப் பிரிப்பதற்கு முன்பே, தச்சர்கள் பயன்படுத்தும் சாண்டிங் சீலரையோ நீர்க்கக் கரைத்த அரக்குப் பாலிஷையோ இரண்டு முகத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்த பின் 600 எண் உப்புத்தாளால் இலேசாகத் தடவினால், எழும்பி நிற்கும் நார்கள் அடங்கிவிடும். வெட்டு ஓரங்களில் மட்டும் சீலர் படக் கூடாது, ஏனெனில் வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும். சீலர் அடைத்த ஓரத்தில் அது மேலோடு நின்றுவிடும். பெயின்ட்டுக்குப் பதிலாக மரச்சாயம் ஏற்ற நினைப்பவர் அதை இந்தக் கட்டத்திலேயே, சீலருக்கும் முன்னதாக ஏற்றிவிட வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

துண்டுகளைத் தகட்டோடு பிடித்திருக்கும் சிறு இணைப்புகளைக் கையால் ஒடிக்காதீர்கள். தகட்டைக் கல்லின் மீது சாய்க்காமல் வைத்து, முகப்பு மேலே இருக்க, புதிய பிளேடால் மூன்று நான்கு முறை மெதுவாகக் கீறினால் துண்டு தானாகக் கழன்று விழும். லேசர் சுட்ட ஓரம் கரிந்திருக்கும். ஒட்ட வேண்டிய ஓரங்களில் மட்டும் அந்தக் கரியை 400 எண் தாளால் இரண்டு இழுப்பில் நீக்குங்கள். உப்புத்தாளை ஒரு நேரான மரக்கட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் ஓரம் உருண்டுபோகாது. பலகைக் கோடுகளுக்குள் இருக்கும் கரியைத் தொட வேண்டாம், அது இயற்கையான நிழலாக உதவும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் துண்டுகளைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிவது அவசியம்.

சட்டமும் அச்சும்

பெரும்பாலான கிட்களில் தரைப்பலகை, அதன் அடியில் நீளவாக்கில் இரண்டு பக்கச் சட்டங்கள், இரு முனையிலும் குறுக்குச் சட்டங்கள் என்ற அமைப்பு இருக்கும். தரைப்பலகையைக் கவிழ்த்துக் கல்லின் மேல் வைத்து, ஒரு குறுக்குச் சட்டத்தையும் ஒரு பக்கச் சட்டத்தையும் மூலைமட்டத்துக்கு ஒட்டிச் சேருங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்த பசையே போதும். அழுத்தும்போது பசை வெளியே பிதுங்கினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். நான்கு சட்டங்களும் சேர்ந்ததும், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் காலிப்பரால் அளந்து, மற்ற இரு மூலைகளுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமானால் சட்டம் சதுரமாக இருக்கிறது. 0.2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால், பசை இறுகுவதற்குள் நீளமான மூலைவிட்டத்தை மெதுவாக அமுக்கிச் சரிசெய்துவிட்டு, கல்துண்டைப் பாரமாக ஏற்றி ஒரு இரவு விடவும்.

அடுத்து அச்சுத் தாங்கிகள். அச்சின் இரு நுனியும் ஊசிபோல் கூராக இருக்கும். அவை சுழல்வதற்கு உள்ளே குழிந்த சிறு பித்தளைக் கிண்ணங்கள் தாங்கிகளின் துளைகளில் அமரும். முதலில் ஒரு பக்கத்துத் தாங்கிகளை மட்டும் ஒட்டி முழுமையாகக் காயவிடுங்கள். சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து, தேவையானால் சக்கரத்தைத் திருகியபடி நகர்த்தித் திருத்துங்கள். பிறகு அச்சைப் பொருத்தி, மறுபக்கத் தாங்கியை ஒட்டும்போது, அச்சு பக்கவாட்டில் கால் மில்லிமீட்டர் அசையும் அளவுக்கு இடம் விட வேண்டும். அசைவே இல்லையென்றால் சக்கரம் இறுகும். அதிகமானால் அச்சு கழன்று விழும். விரலால் சுண்டினால் சக்கரம் சில நொடியாவது சுற்ற வேண்டும்.

இனி ஆட்டம் பார்க்கும் சோதனை. வேகனைக் கல்லின் மேல் நிறுத்தி, பழைய செய்தித்தாளிலிருந்து கிழித்த மெல்லிய பட்டையை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் செருகி, தரைப்பலகையின் நடுவே ஒரு விரலை வைத்தபடி இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே பிடிப்போடு வந்தால் நிம்மதி. மூன்று பிடித்து ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை.

வீட்டிலுள்ள முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடுவதில்லை, நாற்காலிதான் ஒரு காலுக்குக் கீழே காகித மடிப்பைக் கேட்கிறது. அந்த உண்மையை வேகனிலும் பயன்படுத்தலாம். ஓர் அச்சைத் தரைப்பலகையோடு இறுக்கமாகப் பொருத்தி, மற்றோர் அச்சின் தாங்கிகளைத் தனியாக ஒரு சிறு பலகையில் ஒட்டுங்கள். தரைப்பலகைக்கும் அந்தச் சிறு பலகைக்கும் நடுவே, வேகனின் நீளவாக்கில் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றைப் படுக்க வையுங்கள். கம்பியின் மேல் அந்த அச்சு ஏற்ற இறக்கப் பலகைபோல இடமும் வலமுமாகச் சற்றே சாயும். அப்போது வேகன் மூன்று புள்ளிகளில் தாங்கப்பட்டு, தண்டவாளம் மேடுபள்ளமாக இருந்தாலும் நான்கு சக்கரமும் ஊன்றி ஓடும். சில கிட்களில் இந்த அமைப்பு ஏற்கெனவே தரப்பட்டிருக்கும். தரப்படாவிட்டாலும் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். கம்பியும் சிறு பலகையும் சேர்ந்த உயரத்துக்கு ஏற்பத் தாங்கியின் ஓரத்தை அவ்வளவே தேய்த்துக் குறைக்க மறக்காதீர்கள், இல்லையேல் வேகன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பெட்டியும் கூரையும்

சட்டம் சரியாக அமைந்துவிட்டால் பெட்டி விரைவாக முடிந்துவிடும். முனைச்சுவர் ஒன்றையும் பக்கச்சுவர் ஒன்றையும் மூலைமட்டத்துக்குள் நிறுத்தி ஒட்டி, அதேபோல இன்னொரு இணையைச் செய்து, பிறகு இரண்டையும் தரைப்பலகையைச் சுற்றிச் சேருங்கள். உள்மூலைகளில் ஐந்து மி.மீ. சதுரக் குச்சிகளை ஒட்டினால் சுவர்கள் பின்னாளில் வளையாது. ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை முழுவதும் சேர்த்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வளைந்த கூரைக்கான மெல்லிய பிளைவுட்டைச் சூடான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, ஒரு பாட்டிலின் மேல் சுற்றி, ரப்பர் பேண்டுகளால் கட்டி இரவு முழுவதும் காயவிடுங்கள். அவிழ்த்ததும் வளைவு சற்று விரியும் என்பதால், கூரைக்கு வேண்டிய வளைவைவிட இறுக்கமாக வளைந்த ஒல்லியான பாட்டிலாகத் தேர்ந்தெடுங்கள். கூரையை இப்போது ஒட்ட வேண்டாம், உள்ளே எடை வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

மர வேகன் பஞ்சுபோல இலேசானது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்ஓ அளவுக்குப் பரிந்துரைக்கும் எடை, தொடக்கமாக ஓர் அவுன்சும் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்சும் ஆகும். நம் கணக்கில் 28 கிராமும், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5.6 கிராமும். ஏழரை சென்டிமீட்டர் நீளமுள்ள வேகன் 70 கிராம் இருக்க வேண்டும். கட்டிய வேகனை நிறுத்துப் பார்த்து, குறைகிற எடையை உள்ளே சேருங்கள். நெடுஞ்சாலை டயர் கடைகளில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற, ஐந்து ஐந்து கிராமாகப் பிரிக்கக்கூடிய எடைப் பட்டைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. அவற்றைத் தரையோடு தாழ்வாக, இரு அச்சுகளுக்கும் சமமாகப் பரப்பி வையுங்கள். ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவோர் அவற்றை வெள்ளைப் பசையில் பதிக்கவே கூடாது: மூடிய இடத்தில் ஈயம் மெல்ல மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாகிப் பருத்து, சில ஆண்டுகளில் சுவரையே பிளந்துவிடும். ஆரல்டைட் வகைப் பசையில் பதித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இணைப்புக் கொக்கிகளில் கவனிக்க வேண்டியது உயரம் ஒன்றுதான். விரல் மடக்கியதுபோல் கோத்துக்கொள்ளும் வகைக் கொக்கியின் நடுப்புள்ளி, எச்ஓ அளவில் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எடை வைத்த பிறகே இதை அளந்து பாருங்கள். தாழ்ந்திருந்தால் சக்கரத் தாங்கிக்கு மேல் மெல்லிய அட்டையையும், உயர்ந்திருந்தால் கொக்கிப் பெட்டிக்கு மேல் அட்டையையும் வைத்துச் சரிசெய்யலாம்.

பெயின்ட்

கைப்பிடிகளை 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியில் வளைத்து, 0.5 மி.மீ. துளைகளில் செருகிய பின்னரே பெயின்ட்டுக்குப் போங்கள். முதலில் பிரைமர், பிறகு பழைய சரக்குப் பெட்டிகளுக்கே உரிய காவி கலந்த சிவப்பு. எதையும் ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்தால் பலகைக் கோடுகள் அடைபடாது. உட்புறத்துக்கும் ஒரு பூச்சு தருவது முன்பு சொன்ன வளைவுத் தொல்லைக்குக் காப்பு. சக்கரத்தின் ஓடும் முகத்திலும் பித்தளைக் கிண்ணத்திலும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புழுதி படிந்த தோற்றத்துக்கு நம் ஊர்ச் செம்மண்ணைவிட நல்ல நிறம் கடையில் கிடைக்காது. உலர்ந்த மண்ணை மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, வரும் தூளின் மேல் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். காந்தத்தில் கறுப்பாக ஒட்டுகிற இரும்புத் துகள்களை நீக்காவிட்டால் அவை இன்ஜின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். மீதியை உலர்ந்த பிரஷ்ஷால் சட்டத்திலும் முனைச்சுவர்களின் கீழ்ப்பகுதியிலும் தடவி, பளபளப்பில்லாத வார்னிஷைத் தூரத்திலிருந்து ஸ்பிரே செய்தால் நிலைத்துவிடும்.

கடைசியாக, கூரையை நான்கு மூலைகளில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்து ஒட்டுங்கள், என்றைக்காவது எடை கழன்றால் பிளேடு விட்டுத் திறக்கலாம். வேகனை உங்களிடமுள்ள மிகக் குறுகிய வளைவில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்; கிளைப்பாதையில் பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரளாதிருந்தால் எங்கும் புரளாது. எடையையும் முடித்த மாதத்தையும் தரைப்பலகையின் அடியில் பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த வேகனை இதே எடைக்குக் கொண்டுவர அந்தக் குறிப்பு தேவைப்படும்.